கல்லடியில் ஒத்திகை அறை வாடகை கூடுது: ஊர்ப்பக்கம் போவதா, இங்கேயே சமாளிப்பதா?

வாவிக்கரை

மட்டக்களப்பில் இசைக்குழு நடத்துகிறவர்களிடமும் இடம் வாடகைக்குக் கொடுக்கிறவர்களிடமும் கேட்கிறேன்.

நாங்கள் ஆறு பேர்: கீபோட், லீட் கிற்றார், பேஸ் கிற்றார், ட்ரம்ஸ், ஒக்டபாட் (குச்சியால் தட்டி வாசிக்கும் எலக்ரோனிக் பாட்), பாடகர். கோயில் திருவிழா, கல்யாணம், சீசனில் பாசிக்குடா ஹோட்டல் நிகழ்ச்சிகள் என்று போகிறோம். கல்லடியில் ஒரு வீட்டோடு சேர்ந்த அனெக்ஸில்தான் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன, ஒத்திகையும் அங்கேதான். அறை 12க்கு 14 அடி, தகரக் கூரை. கிழமைக்கு மூன்று நாள், பின்னேரம் 6 மணியிலிருந்து 9 மணி வரை.

வாடகை 25,000. அடுத்த மாதத்திலிருந்து 40,000 வேண்டும், இல்லாவிட்டால் அறையை உல்லாசப் பயணிகளுக்குக் கொடுக்கப்போவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். ஒரு வருட ஒப்பந்தம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம், முத்திரையும் ஒட்டினோம். ஏழு மாதம் மிச்சமிருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் பற்றிய முறைப்பாடும் வரத் தொடங்கிவிட்டது.

செங்கலடிப் பக்கம் 15,000க்கு ஒரு வீடு கிடைக்கும்போல இருக்கிறது. போவது புத்தியா? ஒப்பந்தம் முடியமுன் அவர் வாடகை கூட்டலாமா? முட்டை அட்டை அடித்தால் சத்தம் நிற்குமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

சல்லரி

தம்பி, முதலில் மாத வாடகையை மறந்துவிட்டு மணித்தியால வாடகையைப் பாருங்கள். கிழமைக்கு 9 மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 39. 25,000 கொடுக்கும்போது ஒரு மணித்தியாலம் 640 ரூபாய், 40,000 கொடுத்தால் 1,025. மாதத்தில் 720 மணித்தியாலம் இருக்கிறது. மிச்ச 680 மணித்தியாலமும் சாமானைப் பூட்டி வைப்பதற்காகத்தான் காசு போகிறது. வாடகை ஏறும்போது இசைக்குழுக்கள் உடைவது இந்த இடத்தில்தான், சும்மா கிடக்கும் நேரத்துக்கும் ஆறு பேரின் பொக்கற்றிலிருந்து கட்டவேண்டியிருக்கும்.

செங்கலடிக் கணக்கு: கல்லடியிலிருந்து போய்வர 30 கிலோமீற்றருக்கு மேல். மூன்று மோட்டார் சைக்கிளில் இரண்டிரண்டு பேராகப் போனாலும் ஒரு ஒத்திகைக்கு இரண்டு லீற்றர் பெற்றோல் போகும். மாதம் 13 ஒத்திகைக்கு 26 லீற்றர். லீற்றர் 300 என்று வைத்தால் 7,800. 15,000 இப்போதே 22,800 ஆகிவிட்டது. மண்டூருக்கோ கொக்கட்டிச்சோலைக்கோ நிகழ்ச்சி வந்தால் சாமான் ஏற்றும் பட்டா லொறி செங்கலடியிலிருந்து புறப்படவேண்டும், அந்தக் கூலி தனி. இரவு ஒன்பதுக்குப் பிறகு பஸ்ஸை நம்பி இருக்கிற ஆள் குழுவில் ஒருவர் இருந்தாலும் ஒத்திகை எட்டரைக்கே முடிந்துவிடும்.

ஆகவே நான் சொல்வது, அறையை வேறு குழுக்களோடு பங்கு போடுவது. மூன்று குழு, குழுவுக்கு இரண்டு பின்னேரம், ஏழாவது நாள் துப்புரவுக்கும் திருத்த வேலைக்கும். 40,000 வாடகையும் கரண்டுக்கு 5,000உம் என்றால் குழுவுக்கு 15,000. பங்கு வைப்பவர்கள் பிரிவது பெரும்பாலும் காசால் இல்லை, சாமானால்தான். பொதுவாக வைக்கவேண்டியவை மிக்சர், ஸ்பீக்கர், ட்ரம்ஸின் பெரிய பெட்டிகள், ஸ்ராண்ட், கார்பெற் மட்டும். சிம்பல், ஸ்னேர், கிக் பெடல், மைக், கேபிள் எல்லாம் அவரவர் கொண்டுவந்து அவரவர் கொண்டுபோகவேண்டும். எது உடையுமோ அது பொதுவில் இருக்கக்கூடாது. திறப்பு குழுவுக்கு ஒன்று, அதற்கு மேல் வெட்டக்கூடாது. காசு மாதத் தொடக்கத்தில் முன்கூட்டியே. விலகும் குழு இரண்டு மாதம் முன்னறிவிக்கவேண்டும் அல்லது அந்த இரண்டு மாதப் பங்கைக் கட்டவேண்டும். சீசனில் எல்லாருக்கும் வியாழன், வெள்ளிதான் வேண்டும். மூன்று நாளுக்குள் நிகழ்ச்சி உள்ள குழுவுக்கு முதலிடம் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கத்துக்கே உரிய விசயம். வருமானம் பங்குனிக்குப் பிறகு ஏறும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையோடு மாமாங்கம், ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை பாசிக்குடாவும் அறுகம்பேயும். கார்த்திகை தொடங்கித் தை வரை மழை, கரோல் காலம் தவிர வெளி மேடை கிடையாது. வாடகையோ 12 மாதமும் ஒரே அளவு. ஆண்டுக் கூட்டுத்தொகையைப் பேசி முடித்த பிறகு, ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை 40,000, மற்ற ஆறு மாதம் 20,000 என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 3,60,000, சராசரி 30,000. மழை காலத்தில் பயணிகளும் வரமாட்டார்கள், அறையைக் காலியாக விடுவதைவிட 20,000 அவருக்கு இலாபம் என்பதால் பல வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளக்கூடிய கணக்கு இது.

---

உறுதி_எழுத்து

ஒப்பந்தத்தைப் பற்றி. முத்திரை ஒட்டியதும் இரண்டு பேரும் கையெழுத்து வைத்ததும் போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையெழுத்திடப்படவேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு வருடம் சட்டத்தில் நிற்காது. மாதத்துக்கு மாதம் வாடகை கட்டி இருப்பவர் என்ற நிலைதான் உங்களுக்கு, ஒரு மாத அறிவித்தல் தந்து வீட்டுக்காரர் எழுப்பலாம். ஏழு மாதம் மிச்சம் என்பது காகிதத்தில் மட்டும் இருக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதை வைத்து வழக்குப் பேசப் போகாதீர்கள், பேரம் பேசுங்கள். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் காப்பாற்றும் என்றும் எண்ணவேண்டாம், அதில் விலக்குகள் ஏராளம்.

அடுத்த இடத்துக்கு நொத்தாரிசு உறுதிப் பத்திரமாகவே எழுதுங்கள், காணிப் பதிவகத்தில் பதியுங்கள். உள்ளே இருக்கவேண்டியவை: இசை ஒத்திகைக்குப் பாவிக்கலாம் என்ற வசனமும் எந்த நாள், எந்த நேரம் என்பதும், வாடகை ஆண்டுக்கு எவ்வளவுக்கு மேல் கூடக்கூடாது என்பது, இரு பக்கத்துக்கும் மூன்று மாத அறிவித்தல், முற்பணம் திரும்பத் தரப்படுமா, வாடகையில் கழியுமா, நீங்கள் போடும் கதவு, பலகை, காற்றாடியை நீங்களே கழற்றிக்கொண்டு போகலாம் என்பது. கடைசி விசயத்தை எழுதாமல் விட்டால், அறையைத் திருத்த நீங்கள் போட்ட காசு முழுக்க அடுத்து வருபவருக்கு நல்ல அறையாக மாறி, வாடகை ஏறவும் காரணமாகும்.

செங்கலடி, வாழைச்சேனை, அம்பாறைப் பக்கமெல்லாம் குடியேற்றத் திட்டக் காணி நிறைய. வீட்டுக்காரரின் கையில் இருப்பது உறுதியா, அனுமதிப்பத்திரமா என்று பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் குத்தகைக்குக் கொடுத்தால் அது செல்லாது. வாடகை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கரண்டுக்குத் தனி மீற்றர் இல்லாவிட்டால் உப மீற்றர் ஒன்று போடுங்கள். 12,000 பீரியூ ஏசி மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு அலகு எடுக்கும். உங்கள் 39 மணித்தியாலத்துக்கு 40 அலகு. வீட்டுக்காரர் தன் பாட்டில் 150 அலகு பாவிப்பவராக இருந்தால், உங்கள் 40 சேர்ந்து 180ஐத் தாண்டும். மேலே உள்ள அலகின் விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். சராசரி விலையில் காசு கொடுத்தால் அவருக்கு நட்டம், அந்தக் கோபம் வாடகையில் வரும். நீங்கள் வராத மாதத்தின் பட்டியலோடு ஒப்பிட்டு வித்தியாசம் முழுவதையும் நீங்களே கட்டுவது நல்லது.

---

தகரக்கூரை

சத்தம் பற்றிச் சொல்கிறேன். செங்கலடி யோசனை விழுவதும் இதில்தான்.

1996ஆம் ஆண்டு தேசிய சுற்றாடல் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் மாநகரசபை, நகரசபைப் பகுதிக்குப் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. அளப்பது வளவின் எல்லையில். கல்லடி மாநகரசபைக்குள், செங்கலடி பிரதேச சபைக்குள். வாடகை மலிந்த இடத்துக்குப் போனால் சட்டம் இன்னும் இறுக்கம், சுற்றிலும் அமைதி என்பதால் சத்தம் கூடத் தூரம் கேட்கும். இன்னும் பலருக்குத் தெரியாதது: அந்த விதிகளில் இரவு என்பது பின்னேரம் 6 மணிக்கே தொடங்குகிறது. இரவு 10 என்பது ஒலிபெருக்கி அனுமதிக்கு 2007இல் உயர் நீதிமன்றம் வைத்த எல்லை, அது வேறு. உங்கள் 6 முதல் 9 வரையிலான ஒத்திகை முழுவதும் இரவு அளவில்தான் விழுகிறது. சனி, ஞாயிறு பகலுக்கு ஒன்றை மாற்றினாலே 13 டெசிபல் சலுகை.

ட்ரம்ஸும் இரண்டு அம்பும் (கிற்றார் ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிபயர்) உள்ள குழு அறைக்குள் 100 முதல் 105 டெசிபல் எழுப்பும். எல்லையில் 50 வேண்டுமென்றால் 50க்கு மேல் குறைக்கவேண்டும். இரு பக்கமும் பூசிய ஆறு அங்குல புளொக் சுவர் 45 அளவில் குறைக்கும், மிச்சத்தைத் தூரம் பார்த்துக்கொள்ளும். தகரக் கூரை 20, 25தான். சுவருக்கு என்ன செய்தாலும் சத்தம் மேலால் போய்விடும்.

கூரை நல்லதாக இருந்தாலும் எங்கள் வீடுகளில் ஜன்னலுக்கு மேல் காற்றுக்காக ஓட்டை விட்ட வென்ரிலேற்றர் கல் இருக்கும். 12 அடி நீளம், 9 அடி உயரச் சுவர் என்றால் 108 சதுர அடி. அதில் ஒரு சதுர அடி ஓட்டை ஏறத்தாழ ஒரு வீதம். ஒரு வீத ஓட்டை உள்ள சுவர், எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஆகவே காசு போகவேண்டிய ஒழுங்கு: முதலில் மேலே கொங்கிரீட் தட்டுள்ள அறை, அதாவது மாடி வீட்டின் கீழ்த்தளம். பிறகு ஓட்டைகள். பிறகு கதவு. எல்லாவற்றுக்கும் பிறகுதான் உள்சுவர்.

வாடகை வீட்டில் ஜன்னலைக் கட்டி அடைக்க முடியாது. 2க்கு 2 அங்குலச் சட்டத்தில் இரு பக்கமும் 12 மில்லிமீற்றர் பலகை அடித்து, நடுவில் காய்ந்த மணல் நிரப்பி, ஓரத்தில் றப்பர் பட்டி ஒட்டி, உள்பக்கமாக இறுக்கி வைக்கும் மூடி செய்யலாம். போகும்போது கழற்றலாம். மணல் ஈரமாக இருந்தால் பலகை ஊதிவிடும், கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் ஆணி துருப்பிடிக்கும், ஆற்று மணல் எடுங்கள். கதவு பொந்துப் பலகைக் கதவாக இருந்தால் உள்ளே பொந்தில்லாத முழு மரக்கதவு மாட்டி, மூன்று பக்கமும் றப்பர், அடியில் நிலத்தோடு உரசும் பட்டி.

இப்படி அடைத்தால் ஆறு பேருக்குக் காற்று இருக்காது. ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுற்றும், புதுக் காற்றுத் தராது. 6 அங்குலக் காற்றாடி ஒன்றை நான்கடி நீளப் பலகைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்குள் காற்று இரண்டு முறை திரும்புகிற மாதிரி தடுப்பு வைத்து, உள்பக்கம் கண்ணாடி நார் அல்லது பாறை நார் மெத்தை ஒட்டுங்கள். காற்று உள்ளே வர இன்னொரு பெட்டி, காற்றாடி இல்லாமல். இரண்டும் எதிரெதிர்ச் சுவரில். ஒன்று மட்டும் வைத்தால் காற்று ஓடாது.

முட்டை அட்டை வெளியே போகும் சத்தத்தை நிறுத்தாது. உள்ளே சிம்பலின் கூர்மை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எளிதில் தீப்பிடிக்கும், வயர் ஓடும் சுவரில் அடிக்கவே வேண்டாம். உள்ளே தெளிவாகக் கேட்க நிலத்தில் கார்பெற்றும் இரண்டு சுவரில் தடித்த துணியும் போதும். பேஸ் அம்பையும் கிக் ட்ரம்மையும் பழைய ரயருக்கு மேல் பலகை போட்டு அதன்மேல் வைத்தால் நிலம் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும் அதிர்வு குறையும்.

இப்போதுள்ள அனெக்ஸில் இந்த வேலை எதுவும் செய்யாதீர்கள். தகரத்துக்குக் கீழே இன்னொரு அறை கட்டவேண்டிவரும், ஒரு மாத அறிவித்தலில் எழுப்பக்கூடிய இடத்தில் அந்தக் காசைப் போடக்கூடாது.

---

மெல்பேர்ண்_மட்டுநகரான்

இந்தப் பிரச்சினை எங்கும் இருக்கிறது. இலண்டனில் 2007இல் 144 ஆக இருந்த சிறிய இசை அரங்குகள் 2016இல் 94 ஆகக் குறைந்தன. நான் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2014இலிருந்து திட்டமிடல் சட்டத்தில் ஒரு விதி உண்டு: இசை அரங்குக்கோ ஒத்திகைக் கூடத்துக்கோ 50 மீற்றருக்குள் புதிதாக வீடு கட்டுகிறவர் சத்தம் தடுக்கும் செலவைத் தானே ஏற்கவேண்டும். பிந்தி வந்தவர்தான் பொறுப்பு. கல்லடிக் கடற்கரையில் தங்குமிடங்கள் பெருகும் வேகத்தைப் பார்த்தால் மாநகரசபையில் இதைப் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது. ஒரு குழு தனியாகப் போனால் முறைப்பாடு என்று எடுப்பார்கள். பல குழுக்கள் சேர்ந்து, எந்தெந்த வீதியில் எத்தனை ஒத்திகை இடம் உள்ளது என்ற பட்டியலோடு போனால் திட்டம் என்று எடுப்பார்கள்.

---

வாவிக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஒப்பந்தக் கதையைக் கேட்டதும்தான் எங்கள் நிலைமை விளங்குது. செங்கலடி வேண்டாம் என்று முடிவு. கோட்டைமுனையில் ஒரு ரியூசன் கட்டிடம் இரவு ஏழுக்குப் பிறகும் ஞாயிறு பின்னேரமும் சும்மா கிடக்கிறது, மணித்தியாலக் கணக்கில் தருவார்கள். ஆனால் சாமான் வைக்க முடியாது, கூரை சீற். அனெக்ஸில் சத்தம் இல்லாமல் பழக வழி இருக்கா?

---

ஒக்டபாட்

இருக்கு. ட்ரம்ஸையும் அம்புகளையும் ஒதுக்கி வையுங்கள். கீபோட், பேஸ், ஒக்டபாட் நேரே மிக்சருக்கு. லீட் கிற்றார் புரொசெசர் வழியாக, அதில் ஸ்பீக்கர் ஒலியைப் போலச் செய்யும் வசதி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் காதுக்குள் கரகரக்கும். ட்ரம்ஸ் வாசிப்பவருக்கு இரண்டாவது பாட் அல்லது எலக்ரோனிக் கிட், கிக்குக்குப் பெடலோடு. எட்டு சனல் மிக்சர், ஆறு பேருக்கு வெளியீடுள்ள ஹெட்போன் அம்ப், காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன் ஆறு. புளூடூத் வேண்டவே வேண்டாம். 100 முதல் 200 மில்லி செக்கன் பிந்தும். 120 வேகத்தில் ஒரு தாளத்துக்கே 500 மில்லி செக்கன்தான், அரைவாசிக்குக் கிட்டப் பிந்தினால் யாரும் சேர்ந்து வாசிக்க முடியாது.

அறைக்குள் எஞ்சுவது பாடகரின் குரலும் பாட் தட்டும் சத்தமும், 75 முதல் 80 டெசிபல். தகரக் கூரை 20 குறைத்து, எல்லைக்குச் சில மீற்றர் தூரமும் இருந்தால் 50க்குக் கிட்ட வந்துவிடும். பாடகர் ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடவேண்டும், இரண்டையும் மூடினால் சுருதி இறங்கும் அல்லது கத்துவார். இரைச்சல் வந்தால் பெரும்பாலும் எர்த் கோளாறாக இருக்கும்: எல்லாச் சாமானையும் ஒரே பிளக்கிலிருந்து மூன்று முனை வயரில் எடுங்கள். ஹெட்போன் அம்பின் அளவைப் பாதிக்கு மேல் திருப்பாமல் குறி போட்டு வையுங்கள், மூன்று மணித்தியாலம் கூடிய சத்தத்தில் கேட்டால் செவி போய்விடும்.

இப்படிப் பழகும் குழு மேடையில் இடறுவது இரண்டு இடத்தில். உண்மையான ட்ரம்ஸின் பாரம் கைக்கு மறந்துவிடும்; கோயில் நிகழ்ச்சியில் பறையோ தவிலோ சேரும்போது அளவு பிடிபடாது. அதனால் கிழமையில் இரண்டு நாள் ஹெட்போன், ஞாயிறு பகல் ஒரு நாள் முழுச் சத்தம். அந்த ஒரு நாளுக்குத்தான் மண்டபம் வேண்டும்.

---

பாண்டிருப்பான்

முழுச் சத்த நாளுக்கு ரியூசன் கட்டிடத்தைவிடப் பல்தேவைக் கட்டிடம் நல்லது. கூத்துக் குழுக்களுக்கு முன்பு களரி போட வெறுங்காணி இருந்தது, இப்போது எல்லாம் வேலி. கல்முனையிலிருந்து பாண்டிருப்புவரை ஒரு பரப்புச் சும்மா கிடக்கவில்லை. வடமோடிக் கூத்துப் பழகுகிறவர்களும் இப்போது சங்கக் கட்டிடங்களைத்தான் கேட்டுப் போகிறார்கள்.

குழுவைக் கலைமன்றமாகப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். யாப்பு, அங்கத்தவர் பட்டியல், கூட்டக் குறிப்பு, குழுப் பெயரில் வங்கிக் கணக்கு ஆயத்தமாக இருக்கட்டும். கலாசார உத்தியோகத்தரின் சிபாரிசுக் கடிதத்தோடு கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் போனால் கதவு திறக்கும். கடிதத்தில் நாள், நேரம், ஆட்கள், கரண்டுக்குக் கட்டும் தொகை, ஆண்டில் ஒரு ஊர் நிகழ்ச்சிக்கு இலவசமாக வாசிப்பது எல்லாம் எழுதுங்கள். அறநெறிப் பாடசாலை ஞாயிறு காலையில் நடந்தால் பின்னேரம் 2 முதல் 5 வரை கேளுங்கள், ஆறுக்கு முன் முடியும்.

கல்லடியை முழுதாக விட்டுவிடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் அங்கே இருக்கிறது. வயலின், மிருதங்கம், வாய்ப்பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் பலர் அந்தச் சுற்றில் அறை எடுத்து இருக்கிறார்கள். ஒரு வாசிப்பாளர் நிகழ்ச்சிக்கு முதல் நாள் காய்ச்சலில் படுத்தால் பதிலுக்கு வரக்கூடியவர்கள் அவர்கள்தான். ஒத்திகை நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் வருவார்கள், பாட்டும் பழகியிருக்கும். 15 கிலோமீற்றருக்கு அப்பால் போனால் குழு அந்த ஆறு பேரோடு நின்றுவிடும்; ஒருவர் வெளிநாடு போனாலே அடுத்தவர் கிடையாது.

---

தகரக்கூரை

ஞாயிறு மண்டபத்தில் தொடங்கும் முதல் நாள் ஒன்று செய்யுங்கள். குழு உச்சத்தில் வாசிக்கும்போது ஒருவர் போனில் அளக்கும் செயலியோடு எல்லைச் சுவரடியில், அடுத்த வீடு எந்தப் பக்கம் கிட்டவோ அந்தப் பக்கம் நிற்கட்டும். போன் ஐந்து டெசிபல் கூடக் குறையக் காட்டும், ஆகவே மாநகரசபைப் பகுதியில் பகலில் 58க்குள் நின்றால் பயமில்லை. தாண்டினால் முதலில் பேஸை இறக்கி, ஸ்பீக்கரை அந்த வீட்டுக்கு முதுகு காட்டித் திருப்பி, மறுபடி அளந்து பாருங்கள்.